வாய்க்கு வராத நெஞ்சு

வணக்கம்.

ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ நாடகத்தை இப்போதுதான் முழுதாகப் படித்து முடித்தேன். எனக்குக் கோபம் வருவது லியரின் கடைசி மகள் கார்டீலியா மேல்தான். எண்பது வயது தாண்டிய அப்பா ஆசையாகக் கேட்கிறார், இரண்டு வார்த்தை இனிப்பாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? அக்காக்கள் செய்தது துரோகம் என்றால், சபை நடுவே அப்பாவைத் தலைகுனிய வைத்ததற்கு என்ன பெயர்? இன்னொன்றும் கேட்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் நெஞ்சு, நெஞ்சு என்றே வருகிறதே, அது அந்தக் காலத்து அலங்காரம்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதல் முறை படித்தபோது எனக்கும் இதே கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது ஆசையாகத்தானா என்று அந்தக் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, யாருக்கு என்மேல் அன்பு அதிகமோ அவளுக்குப் பெரிய பங்கு என்கிறார். ஆனால் இரண்டாம் மகள் ரீகன் வாயைத் திறப்பதற்கு முன்பே மூத்தவள் கானரிலுக்கு நிலத்தை அளந்து கொடுத்தாகிவிட்டது, கடைசி மகளுக்கென்று செழிப்பான பங்கு ஏற்கெனவே ஒதுக்கியும் ஆகிவிட்டது. பிள்ளைகளைச் சபையில் நிறுத்திப் பேச வைத்துக் கேட்க வேண்டும் என்பதுதான் அவருக்கு மிச்சம்.

அங்கேதான் அவள் சொல்கிறாள், என் நெஞ்சை வாய்க்குத் தூக்கிக்கொண்டுவர என்னால் முடியவில்லை என்று. ஆங்கிலத்தில் அந்த வினை ‘ஹீவ்’. மூட்டையைத் தம் பிடித்துத் தூக்குவதற்குச் சொல்கிற சொல். கொஞ்சம் முன்னால்தான், என் அன்பு என் நாக்கைவிடக் கனமானது என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருப்பாள். இந்த வரிகளைத் தமிழில் யோசிக்கும்போது மனசு, உள்ளம் எதுவும் எனக்குப் பொருந்தவில்லை, நெஞ்சுதான் பொருந்துகிறது, ஏனென்றால் அதற்குத்தான் எடை இருக்கிறது, அடைக்கும், வலிக்கும்.

சரி, இப்போது நாலாம் அங்கத்துக்கு வாருங்கள். அக்காக்கள் அப்பாவைப் புயலில் விட்டுக் கதவைச் சாத்திய செய்தி கடிதமாகக் கார்டீலியாவிடம் போகிறது. அவள் அதை எப்படிப் படித்தாள் என்று ஒருவர் லியரின் விசுவாசமான பிரபு கென்ட்டிடம் சொல்கிறார்: ‘அப்பா’ என்ற பெயரை ஒன்றிரண்டு முறை மூச்சு வாங்கத் தூக்கி வெளியே கொண்டுவந்தாள், அது நெஞ்சை அழுத்துவதுபோல. அங்கேயும் அதே ‘ஹீவ்’! சபையில் தூக்க முடியாததை யாரும் பரிசு கொடுக்காத இடத்தில் தூக்கிவிட்டாள். 1608 பதிப்பில் இருக்கிற இந்தக் காட்சி 1623 பதிப்பில் இல்லை, எனக்கு அது பெரிய இழப்பு. இதைப் படித்த பிறகு கார்டீலியாவை என்னால் துரோகி என்று சொல்ல முடியவில்லை. நாடகத்தின் முதல் துரோகம் லியருடையது, தகப்பன் நெஞ்சை இவளிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன் என்று, கொடுத்த நிலத்தைத் திரும்பப் பிடுங்குவதுபோலச் சொல்கிறாரே, அதுதான்.

அப்புறம் அவருடைய நெஞ்சும் மேலே ஏறுகிறது. மாறுவேடத்தில் தன்னிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கும் கென்ட் தொழுமரத்தில் மாட்டப்பட்டிருப்பதைப் பார்த்ததும், இந்தத் ‘தாய்’ என் நெஞ்சை நோக்கி வீங்கி வருகிறதே என்கிறார். தாய் என்பது அன்று ஒரு நோயின் பெயர், கருப்பையிலிருந்து கிளம்பி நெஞ்சையும் தொண்டையையும் அடைக்கும் என்று நம்பினார்கள், எட்வர்ட் ஜோர்டன் என்ற மருத்துவர் 1603இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். மூன்று பெண்களின் தாயைப் பற்றி ஏறக்குறைய எதுவுமே சொல்லாத நாடகத்தில், கிழவரின் உடம்புக்குள் தாய் கிளம்புகிறாள். கீழே போ, கீழே போ என்று அவர் நெஞ்சை அதட்டும்போது பக்கத்தில் நிற்கும் கோமாளி ஒரு சமையற்காரியின் கதை சொல்கிறான். விலாங்கு மீனை உயிரோடு மாவுக்குள் வைத்தாளாம், அது துள்ளித் துள்ளி எழும்ப, குச்சியால் மண்டையில் தட்டிக் கீழே கிட என்றாளாம். இதை அலங்காரம் என்று எப்படிச் சொல்வது?

புயலுக்கு ஒதுங்கிய இடத்தில் லியர் ரீகனை அறுத்துப் பாருங்கள் என்கிறார், அவள் நெஞ்சைச் சுற்றி என்ன வளர்கிறது, இப்படிக் கல்நெஞ்சு உண்டாக இயற்கையில் காரணம் உண்டா என்று. லண்டன் மக்களுக்கு இது வெறும் பேச்சாகக் கேட்டிருக்காது. 1540 சட்டப்படி தூக்கிலிடப்பட்டவர்களில் ஆண்டுக்கு 4 உடல்கள் அங்குள்ள அறுவை வைத்தியர்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. லியரின் கேள்விக்கு நாடகத்தில் யாரும் பதில் சொல்வதில்லை.

லியரின் இன்னொரு பிரபு க்ளாஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு மகன் காட்டிக்கொடுத்துக் கண்கள் போன பிறகு, தன்னை இத்தனை நாள் கைபிடித்து நடத்தியவன் தான் துரத்திய இன்னொரு மகன் எட்கர் என்று தெரிகிறது. ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த நெஞ்சு மகிழ்ச்சிக்கும் துயரத்துக்கும் நடுவே சிரித்தபடி வெடித்தது என்கிறான் எட்கர்.

கடைசியில் இறந்துபோன கார்டீலியாவைக் கையில் ஏந்தி வருகிற லியர், இந்தப் பொத்தானைக் கழற்றிவிடுங்கள் என்று கேட்டு, நன்றி ஐயா என்கிறார். ஒரு பொத்தான் அளவுக்கு மூச்சு முட்டுகிறது. பிறகு ‘நெஞ்சே, உடைந்துவிடு’ என்று ஒரு வரி. 1608 பதிப்பில் அது லியரின் வரி, 1623இல் கென்ட்டுடையது. எனக்குக் கென்ட் சொல்வதுதான் பிடிக்கும். அவன் அந்தக் குடும்பத்து ஆளே கிடையாது, உண்மை பேசியதற்காக முதல் நாளே துரத்தப்பட்டவன். உடையச் சொல்வது யார் நெஞ்சை, தன்னுடையதையா, கிழவருடையதையா, அதை அவன் சொல்லவில்லை.

அன்புடன்.