பில் இருக்கிறது, சரக்கு வந்ததற்குச் சாட்சி எங்கே?

கேள்வி: ஈரோட்டில் பீரோ பட்டறை வைத்திருக்கிறேன். 2022-23இல் எனக்கு இரும்புத் தகடு விற்றவர், என்னிடம் வாங்கிய ஜிஎஸ்டியை அரசுக்குக் கட்டாமல் கடையை மூடிவிட்டார். அவரது 11 பில்களுக்கு நான் எடுத்த 1,62,000 ரூபாய் இன்புட்டை (வாங்கும்போது கொடுத்த வரியை என் வரியில் கழித்துக்கொண்ட வரவு) வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்லி ஜிஎஸ்டி சட்டத்தின் 73ஆம் பிரிவில் நோட்டீஸ் வந்திருக்கிறது. பணத்தை வங்கி வழியாகத்தான் கொடுத்தேன். அவர் செய்த தப்புக்கு நான் ஏன் அழ வேண்டும்? அதிகாரி மரியாதையில்லாமல் பேசுகிறார், ஆடிட்டரும் கைவிரித்துவிட்டார்.

பதில்: அதிகாரியின் பேச்சும் ஆடிட்டரின் அலட்சியமும் இந்த வழக்குக்கு உதவாது. அந்த 11 பில்களும் உங்கள் டூ-பி படிவத்தில், அதாவது விற்றவர் தாக்கல் செய்த பில்களை வைத்து போர்ட்டல் உங்களுக்குக் காட்டும் வரவுப் பட்டியலில், ஏறியிருக்கின்றனவா? நான்கு பக்கக் கடிதத்தில் அதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

ஏறவில்லை என்றால் வாதாட ஒன்றுமில்லை. டூ-பியில் வராத பில்லுக்கு 2022 ஜனவரியிலிருந்து வரவு கிடையாது. நோட்டீஸ் தேதியிலிருந்து 30 நாளுக்குள் வரியையும் 18 சதவீத வட்டியையும் கட்டிவிட்டால் அபராதம் இல்லாமல் முடியும். கட்டிவிடுங்கள்.

ஏறியிருந்தால் வழக்கு உண்டு. வரியை வசூலித்துக் கட்டாத விற்பனையாளரை விட்டுவிட்டு வாங்கியவரைப் பிடித்த உத்தரவை, டி.ஒய். பீதெல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ரத்து செய்தது. ஆனால் அந்தத் தீர்ப்பை மட்டும் நம்பி வருபவர்கள், சரக்கு உண்மையிலேயே வந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு தங்களுடையது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஜிஎஸ்டிக்கு முந்தைய விற்பனை வரியான கர்நாடக வாட் சட்டத்தின் கீழ் வந்த காப்பி வியாபாரி வழக்கில், பில்லும் வங்கிப் பணமும் மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லிவிட்டது.

உங்கள் பில்களைப் பார்த்தேன். பதினொன்றும் ஒரு லட்சத்துக்குச் சற்றே கீழே நிற்கின்றன. தமிழ்நாட்டுக்குள் அந்தத் தொகைக்கு, சரக்கு கொண்டுபோக போர்ட்டலில் எடுக்கும் இ-வே பில் தேவையில்லை என்பது அதிகாரிக்கும் தெரியும்; சரக்கு வந்த பதிவே இல்லாதபடி பில் போட்டதாகத் தோன்றும், அவர் கண்ணில் முதலில் உறுத்துவது அதுதான்.

இந்த இடத்தில்தான் கட்சிக்காரர்கள் குழியில் விழுகிறார்கள். யாரோ சொன்னார் என்று பழைய தேதியில் லாரி ரசீது தயார் செய்து பதிலோடு வைப்பார்கள். என்னிடம் வந்த ஒருவரின் ரசீதில் ஐந்து டன் தகடு ஏற்றி வந்ததாக எழுதியிருந்த வண்டி எண், ஒரு ஸ்கூட்டருடையது. அதிகாரி அதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வரி, வட்டி என்று முடிந்திருக்க வேண்டிய 73 போய், 74ஆம் பிரிவில் புது நோட்டீஸ் வந்தது. மோசடி என்ற அந்தப் பிரிவில் வரிக்குச் சமமான தொகை அபராதம். அதன் பிறகு உண்மையான பில்களையும் யாரும் நம்பவில்லை.

எடைமேடைச் சீட்டு, இறக்குகூலி எழுதிய நோட்டு, அந்தத் தகட்டில் செய்த பீரோக்களின் விற்பனைக் கணக்கு என்று அன்றே எழுதியது ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள், வாதாடலாம். இல்லையென்றால், பில்கள் டூ-பியில் இருந்தாலும், இந்தத் தொகைக்கு மேல்முறையீடு வரை அலைவதைவிட 30 நாளுக்குள் கட்டுவதே லாபம்.

எதுவானாலும் கெடு தேதியை ஜிஎஸ்டி போர்ட்டலில் நீங்களே பாருங்கள். அங்கே பதிவாகியிருக்கும் கைபேசி எண் உங்களுடையதா, கைவிரித்த ஆடிட்டருடையதா என்பதையும் சேர்த்து.