‘இந்தச் சந்ததி’ என்றால் எந்தச் சந்ததி?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் கடைசிகாலத் தீர்க்கதரிசனங்களைப் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் அந்த இரண்டு வரியை எழுதாமலே விட்டிருக்கலாம் போலிருக்கிறது. சரி, எழுதியாயிற்று. இந்த முறை முழுக்க அதுதான். பனங்காய்ப் பணியாரம் ஏன் கசக்கிறது என்று கேட்டவர் அடுத்த மாதம்வரை பொறுக்கவேண்டும்.

*

என் மகன் கனடாவில் இருக்கிறான். கிழமைக்கு ஒருதரம் கதைப்பான். இப்போது கொஞ்ச நாளாக, “மத்தேயு 24இல் உள்ளதெல்லாம் எழுபதாம் ஆண்டிலேயே நடந்து முடிந்துவிட்டது அம்மா, இனி உபத்திரவ காலம் வரும் என்று பயப்படாதேயுங்கோ” என்கிறான். எங்கள் சபையில் கேட்டால் துர்உபதேசம் என்கிறார்கள். எழுபதாம் ஆண்டு நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன், அப்படி ஒன்றும் நடந்ததாக ஞாபகமில்லையே? – வாசகி, உடுவில்

அம்மா, மகன் சொன்னது 1970 இல்லை, ரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்த கி.பி. 70. எழுபது என்றதும் எனக்கும் சிறிமாவோ அம்மையார் வென்ற தேர்தல்தான் முதலில் ஞாபகம் வரும், அதனால் உங்களில் பிழையில்லை.

இந்த வாசிப்புக்கு ஆங்கிலத்தில் பிரெட்டரிசம் என்று பெயர், கடந்துபோனது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நேற்று யூடியூபில் முளைத்ததல்ல. லூயிஸ் டி அல்காசார் என்ற ஸ்பானிய இயேசு சபைக் குருவானவர் வெளிப்படுத்தின விசேஷத்தில் பெரும்பகுதி பழைய காலத்திலேயே நிறைவேறிவிட்டது என்று எழுதிய விளக்கம் 1614இல் அச்சாகியிருக்கிறது. உங்கள் சபையில் சொல்லித்தருகிற இரகசிய வருகை (கிறிஸ்து வந்து விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போவது), அதற்குப் பிறகு ஏழு வருட உபத்திரவம் என்ற ஒழுங்கு இருக்கிறதே, அது ஜோன் நெல்சன் டார்பி என்ற போதகர் 1830களில் பரப்பத் தொடங்கியது. பழசு என்பதால் சரி, புதுசு என்பதால் பிழை என்று சொல்லவரவில்லை. ஆனால் ‘புதுப் போதனை’ என்று மகனைத் திட்டுகிறவர்கள் தங்கள் போதனையின் வயதையும் ஒருக்கால் பார்த்துக்கொள்ளட்டும்.

மகன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்றால் அந்த அதிகாரத்தின் 34ஆம் வசனத்தை: “இவைகளெல்லாம் சம்பவிக்குமுன்னே இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது.” இயேசு எருசலேம் ஆலயத்தைவிட்டு வெளியே வரும்போது, அது கல்லின்மேல் கல்லில்லாமல் இடிபடும் என்கிறார், பிறகு ஒலிவ மலையில் இருக்கும்போது எப்போது என்று சீஷர்கள் கேட்கிறார்கள், அதற்கு வருகிற பதில் இது. முன்னால் இருந்து கேட்டவர்களிடம் சொன்னதை ஈராயிரம் வருடத்துக்குப் பிறகு வாழ்கிற சந்ததி என்று எடுப்பதற்குக் கொஞ்சம் வளைக்கத்தான் வேண்டும். ஏறக்குறைய கி.பி. 30இல் சொன்னது, 70இல் ஆலயம் எரிந்தது. நாற்பது வருடம்.

நடந்தது என்னவென்றால், கி.பி. 66இல் யூதேயா ரோமுக்கு எதிராகக் கிளம்பியது. அந்த வருடமே சிரியாவின் ஆளுநர் செஸ்டியஸ் காலஸ் படையோடு வந்து எருசலேமை வளைத்துவிட்டு, ஏனென்று தெரியாமல் பின்வாங்கினான், போகிற வழியில் செமையாக அடியும் வாங்கினான். லூக்கா 21:20இல் “எருசலேம் சேனைகளால் சூழப்பட்டிருப்பதை நீங்கள் காணும்போது” ஓடுங்கள் என்று இருக்கிறது. எருசலேம் சபையார் யோர்தானைக் கடந்து பெல்லா என்ற ஊருக்குத் தப்பிப் போனார்கள் என்று நாலாம் நூற்றாண்டில் சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எழுதுகிறார். எல்லா வரலாற்றாய்வாளரும் இதை ஒத்துக்கொள்வதில்லை. பிறகு கி.பி. 70இல், பஸ்கா பண்டிகைக்குச் சனம் நிரம்பியிருந்த நேரம், ரோமத் தளபதி டைட்டஸ் வந்து வளைத்தான். நகரத்தைச் சுற்றி மூன்றே நாளில் மதில் எழுப்பினார்கள். உள்ளே பஞ்சம். ஓகஸ்ட்டில் ஆலயம் எரிந்தது, செப்டெம்பரில் நகரம் முழுவதும் விழுந்தது. செத்தவர்கள் பதினொரு லட்சம் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். அந்தக் கணக்கைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் நம்புவதில்லை, ஆனால் மனுஷன் அங்கே ரோமர் பக்கம் நின்று கண்ணால் பார்த்தவர். சூறையாடிய குத்துவிளக்கைப் படைவீரர்கள் தோளில் தூக்கிப்போகிற சிற்பம் ரோமாபுரியில் டைட்டஸ் வளைவில் இன்றும் இருக்கிறது. வெற்றிக்கு அடித்த நாணயத்தில் ஒரு பெண் மரத்தடியில் தலையைக் கையில் தாங்கியபடி இருந்து அழுகிறாள். படத்தில் பார்த்தபோது பனை என்று நினைத்துவிட்டேன், அது பேரீச்சை.

எனக்கு இந்த வாசிப்பில் மனம் சாய்ந்தது இந்த ஆராய்ச்சிகளால் அல்ல. 1995 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்தைவிட்டு எல்லோரும் வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள், பொழுதுபடுகிற நேரம், மழை. செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனம் அடியடியாக நகர்கிறது, சைக்கிளைத் தள்ளக்கூட இடமில்லை. மாமி பாதி வழியில் “காணி உறுதியை விட்டிட்டு வந்திட்டன்” என்று திரும்பிப்போக வெளிக்கிட்டா. அம்மம்மா அவவின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தள்ளுமுள்ளுக்குள், மழைக்குள், வசனம் சொன்னா: “வீட்டின்மேல் இருக்கிறவன் தன் வீட்டிலே எதையாகிலும் எடுப்பதற்கு இறங்காதிருக்கக்கடவன்.” மாமி திரும்பவில்லை. கொஞ்சத் தூரம் போனபிறகு அம்மம்மாவே அடுத்த வசனங்களையும் முணுமுணுத்தா, கர்ப்பவதிகளுக்கும் பால்கொடுக்கிறவர்களுக்கும் ஐயோ என்பதையும், “நீங்கள் ஓடிப்போவது மாரிகாலத்திலாவது” என்பதையும். மாரிகாலம்! அன்றுவரை அந்த அதிகாரத்தை உலகம் அழிகிற கதையாகத்தான் கேட்டிருந்தேன். உலகம் அழிவதென்றால் மாரியென்ன கோடையென்ன, ஓய்வுநாளென்ன? மலைக்கு ஓடித்தான் என்ன பிரயோசனம்? அது ஒரு ஊர்ச் சனத்துக்குச் சொன்ன இடப்பெயர்வு அறிவித்தல் என்று கைதடி தாண்டும்போது எனக்கு விளங்கிவிட்டது. பிரெட்டரிசம் என்ற சொல்லைக் கேள்விப்பட்டது அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து.

ஆகவே மத்தேயு 24இன் முதற்பாதியைப் பொறுத்தவரை மகன் பக்கம் நியாயம் கனக்க இருக்கிறது. ‘எல்லாம் முடிந்தது’ என்பதில் அந்த ‘எல்லாம்’தான் சிக்கல். கடைசிக் கேள்வியில் அதற்கு வருகிறேன்.

*

சரி, ஆலயம் இடிந்தது. சூரியன் இருண்டு, நட்சத்திரங்கள் விழுந்து, மனுஷகுமாரன் மேகத்தில் வந்தது எப்போது? அதையும் யாராவது கண்ணால் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்களா? – ஆசிரியர் ஒருவர், பருத்தித்துறை

நக்கலாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் சரியான கேள்வி. ஏசாயா 13ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அங்கேயும் சூரியன் இருளுகிறது, சந்திரன் ஒளி கொடாமல் போகிறது. எதைப் பற்றி? பாபிலோன் விழுவதைப் பற்றி. 19ஆம் அதிகாரத்தில் கர்த்தர் வேகமான மேகத்தின்மேல் ஏறி எகிப்துக்கு வருகிறார். எகிப்தியர் யாரும் அண்ணாந்து பார்த்து மேகத்தில் ஆளைத் தேடவில்லை, அசீரியன் படையெடுத்து வந்ததுதான் அந்த வருகை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு ராச்சியம் கவிழ்வதைச் சொல்ல எபிரேயத் தீர்க்கதரிசிகளின் கையில் இருந்த பாஷை அது. இயேசுவும் அதே பாஷையில் பேசினார் என்பது பிரெட்டரிசக்காரர் வாதம்.

நமக்கும் இது அந்நியமில்லை. புறநானூறு 229ஆம் பாட்டில் கூடலூர் கிழார் பங்குனி இரவொன்றில் வானத்திலிருந்து மீன் விழுவதைப் பார்த்துவிட்டு, அரசனுக்கு என்ன ஆகுமோ என்று நடுங்குகிறார், ஏழாம் நாள் சேரமான் இறந்துபோகிறான். அவர் விண்மீனை மெய்யாகவே பார்த்தார், தீர்க்கதரிசிகள் உவமையாகச் சொன்னார்கள், அந்த வித்தியாசம் இருக்கிறது. ஆனால் வானத்தில் ஒன்று விழுந்தால் கீழே ஒரு சிங்காசனம் ஆடுகிறது என்ற பழக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஒன்றை மட்டும் கேட்டு வைக்கிறேன். மத்தேயு 25இல் சகல ஜனங்களையும் கூட்டிச் செம்மறி வேறு வெள்ளாடு வேறாகப் பிரிக்கிறாரே, அதையும் டைட்டஸின் படைக்குள் அடைக்கமுடியுமா? எனக்கு அது அடங்கவில்லை.

*

666 என்பது நீரோ மன்னன் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். தடுப்பூசி அட்டைதான் மிருகத்தின் முத்திரை என்று கொரோனா நேரம் எங்கள் ஒழுங்கையில் ஒருவர் நோட்டீஸ் கொடுத்தார். எதை நம்புவது? – உயர்தர மாணவி, கோண்டாவில்

நோட்டீஸை நம்பாதேயும் தங்கச்சி. அதற்கு முன்னர் பார்கோட்டைச் சொன்னார்கள், அதற்கும் முன்னர் வேறொன்று. 1999 டிசெம்பர் 31 இரவு, உலகம் முடியப்போகிறது என்று எங்கள் உறவுக்காரர் ஒருவர் ஆறு போத்தல் மண்ணெண்ணெயும் ஒரு பெட்டி நெருப்புப்பெட்டியும் வாங்கிவைத்து விழித்திருந்தார். அந்த நெருப்புப்பெட்டி 2003வரை பாவனையில் இருந்தது.

666 என்பது வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிற மிருகத்தின் இலக்கம். அதை ரோமப் பேரரசன் நீரோவோடு பொருத்துகிற கணக்கு நல்ல கணக்கு, செய்தே பாரும். நம் பழைய ஏடுகளில் க, உ, ங என்று எழுத்தையே இலக்கமாகப் போடுகிற மாதிரி எபிரேயத்திலும் எழுத்துக்குப் பெறுமதி உண்டு. ‘நெரோன் கேசர்’ என்று எழுதினால் நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, மறுபடி நூன் 50, கோஃப் 100, சாமேக் 60, ரேஷ் 200. கூட்டிப் பாரும், 666 வரும். சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 666க்குப் பதிலாக 616 என்று இருக்கிறது. எகிப்தில் ஒக்ஸிரிங்கஸ் குப்பைமேட்டிலிருந்து கிடைத்த பாப்பிரஸ் துண்டொன்றிலும் அதுதான். லத்தீன் உச்சரிப்பில் ‘நெரோ’ என்று கடைசி நூனை விட்டுவிட்டால் 50 குறையும். 616! இந்தப் பொருத்தம் தற்செயல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெளிப்படுத்தின விசேஷமே ‘கணக்குப்பார்க்கக்கடவன்’ என்றுதான் சொல்கிறது, அப்படியானால் முதலில் வாசித்தவர்களால் கணக்குப் பார்க்கக்கூடிய பேராக அது இருக்கத்தானே வேண்டும், 2021இல் வந்த அட்டையை அவர்கள் எப்படிக் கணக்குப் பார்ப்பது?

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். வெளிப்படுத்தின விசேஷம் எழுதப்பட்டது பேரரசன் டொமிஷியன் ஆட்சியின் கடைசியில், அதாவது கி.பி. 95 வாக்கில் என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே ஐரேனியஸ் என்ற ஆயர் சொல்லியிருக்கிறார். நீரோ செத்தது 68இல். எருசலேமின் வீழ்ச்சியை முன்னறிவிக்கிற புத்தகம் என்றால் அது 70க்கு முன்னர் எழுதப்பட்டிருக்க வேண்டும், அதனால் பிரெட்டரிசக்காரர் பலர் ஐரேனியஸோடு மல்லுக்கட்டுகிறார்கள். 11ஆம் அதிகாரத்தில் ஆலயத்தை அளக்கச் சொல்கிறது, அப்படியானால் ஆலயம் அப்போது நின்றிருக்கிறது என்பது அவர்களின் நல்ல துருப்பு. பெரும்பான்மை ஆய்வாளர்கள் இன்னமும் 95 பக்கம்தான். நீரோவையும் 95ஐயும் சேர்த்து ஒத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், செத்த நீரோ திரும்பி வருவான் என்ற வதந்தி அந்தக் காலத்தில் பலமாக உலவியது.

*

எங்களுக்குக் கலியுகம் 4,32,000 வருடம். அதில் ஐயாயிரத்துச் சொச்சம்தான் போயிருக்கிறது. உங்கள் ஆட்களுக்கு ஏன் இவ்வளவு அவசரம்? – சைவ வாசகர், கொக்குவில்

ஐயா, தவணை நீளமாக இருப்பவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். எங்களிலும் ஒரு கூட்டம் தவணை முடிந்தேவிட்டது என்கிறது, மேலே பாருங்கள்.

*

இயேசுவைக் கொன்ற யூதருக்குக் கடவுள் கொடுத்த தண்டனைதானே கி.பி. 70? இதை ஏன் நேரடியாகச் சொல்லத் தயங்குகிறீர்கள்? – வாசகர், மானிப்பாய்

தயங்கவில்லை, மறுக்கிறேன். இந்த வாசிப்பில் ஆபத்தான இடம் இதுதான். நூற்றாண்டுக் கணக்காக யூதரை அடித்து விரட்டியவர்கள் கையில் வைத்திருந்த வாதம் இது. சிலுவையில் அறைந்தது ரோமன். அழிவைச் சொன்னவரும் யூதர், தப்பி ஓடிய சபையாரும் யூதர், உள்ளே அகப்பட்டுச் செத்தவர்களில் பெரும்பகுதி பண்டிகைக்கு வந்த சனமும் நாற்பது வருடத்துக்கு முன்னர் பிறந்தேயிராத பிள்ளைகளும். லூக்கா 19இல் அந்த நகரத்தைப் பார்த்து இயேசு கண்ணீர்விட்டு அழுகிறார், கை தட்டவில்லை.

யோசேபஸ் ஒரு கதை சொல்கிறார். அனனியாவின் மகன் இயேசு என்று ஒரு பட்டிக்காட்டு மனுஷன், போருக்கு நாலு வருடம் முன்னர், ஊர் நல்ல செழிப்பாக இருந்த நேரம், எருசலேம் தெருக்களில் “ஐயோ எருசலேமே” என்று கத்தத் தொடங்கினான். பிடித்துக்கொண்டுபோய் எலும்பு தெரியுமட்டும் அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் அதையே சொன்னான். பைத்தியம் என்று விட்டுவிட்டார்கள். ஏழு வருடமும் ஐந்து மாதமும் கத்தியிருக்கிறான், கடைசியில் மதிலின்மேல் நின்று “ஐயோ, எனக்கும் ஐயோ” என்றபோது ரோமரின் கல் வந்து விழுந்து செத்தான். பலித்துவிட்டது என்று சந்தோஷப்படுகிற ஆளா அவன்?

2009க்குப் பிறகு ஒரு கூட்டத்தில், வன்னியில் நடந்தது நம் விக்கிரக ஆராதனைக்கு வந்த நியாயத்தீர்ப்பு என்று ஒரு பிரசங்கியார் சொன்னார். எனக்குப் பக்கத்துக் கதிரையில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் இருந்தா. நான் எழும்பி வெளியே வந்துவிட்டேன், பிறகு அந்த ஆளின் கூட்டத்துக்குப் போனதில்லை.

*

உயிர்த்தெழுதலும் ஆன்மீகமாக எழுபதிலேயே நடந்துவிட்டது, இனி உடல் எழும்பாது என்று என் தம்பி வாதாடுகிறான். அம்மா போய் இன்னும் வருடம் திரும்பவில்லை. நவம்பர் 2 கல்லறைக்கு மெழுகுதிரி கொளுத்தப் போவோம். அவனுக்கு என்ன சொல்வது? – வாசகி, பாஷையூர்

பிரெட்டரிசக்காரருக்குள் இரண்டு வகை. கனக்க நிறைவேறிவிட்டது, ஆனால் கிறிஸ்து வருவதும் மரித்தோர் எழும்புவதும் இன்னும் மிச்சம் என்கிறவர்கள் ஒரு வகை. சபைகளுக்குள் இருந்துகொண்டே அப்படி நம்புகிறவர்கள் நிறைய. ஒன்றும் மிச்சமில்லை என்கிறது மற்ற வகை, உங்கள் தம்பி அங்கே போய்விட்டார். அது பூசையில் நீங்கள் சொல்கிற விசுவாசப் பிரமாணத்தோடு நேரே மோதுகிறது, வாழ்வோரையும் இறந்தோரையும் தீர்ப்பிட மீண்டும் வருவார் என்று வாயால் சொல்லிவிட்டு வந்து முடிந்தது என்று எப்படி நம்புவது? தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகம் இரண்டாம் அதிகாரத்தில், உயிர்த்தெழுதல் ஏற்கெனவே நடந்தாயிற்று என்று சொல்லித் திரிந்த இருவரைப் பேர் சொல்லியே கண்டித்திருக்கிறது. அதைக் காட்டுங்கள். 34ஆம் வசனத்தை எழுத்துக்கு எழுத்து எடுக்கிற ஆள் இதையும் அப்படித்தானே எடுக்கவேண்டும்.

அவரோடு கல்லறையில் வைத்து வாதாடவேண்டாம். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நவம்பர் எங்களுக்கு மாரி, திரி நிற்காது. பழைய ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மணல் போட்டு அதற்குள் மெழுகுதிரியை நட்டால் காற்றுக்கும் தூறலுக்கும் தாக்குப்பிடிக்கும். குடையும் எடுங்கள்.