முதலில் மகளின் மார்க் ஷீட்டைத் திரும்ப வாங்குங்கள்

கேள்வி: பாலக்கோடு பக்கம் விவசாயம் செய்கிறேன். மகள் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் வணிகவியல் எடுத்து பிளஸ் டூ முடித்திருக்கிறாள். குற்றங்களை ஆராயும் போலீஸ் வேலைக்குப் போக வேண்டும் என்கிறாள். பெங்களூரு கல்லூரி ஒன்றில் 'கிரிமினாலஜி - ஃபாரன்சிக்' படித்தால் நேரடியாக எஸ்.ஐ. ஆகலாம் என்று ஒருவர் அட்வான்ஸ் கேட்கிறார். ஒரிஜினல் மார்க் ஷீட்டும் டி.சி.யும் அவரிடம் இருக்கின்றன. சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. நேரடி எஸ்.ஐ. என்பது பச்சைப் பொய். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் எஸ்.ஐ. வேலைக்குக் கேட்பது ஏதாவது ஒரு பட்டம். குற்றவியல் (கிரிமினாலஜி) படித்தவரும் வரலாறு படித்தவரும் ஒரே தேர்வைத்தான் எழுத வேண்டும், ஒரே மைதானத்தில்தான் ஓட வேண்டும்.

இரண்டு தனித்தனிப் படிப்புகளை அவர் ஒன்றாகக் கட்டி விற்கிறார். ஃபாரன்சிக் என்பது ஆய்வக வேலை: ரத்தக்கறை, விஷம், கைரேகை. கைரேகைப் பிரிவு எஸ்.ஐ.க்கே அறிவியல் பட்டம் கேட்கிறார்கள். வணிகவியல் படித்த பிள்ளைக்கு அது ஒத்துவராது. மகள் ஆசைப்படுவது குற்றவியல், அதாவது குற்றங்கள் ஏன், எப்படி நடக்கின்றன என்று ஆராயும் படிப்பு. அதற்குள் வருவதுதான் குற்றப் பகுப்பாய்வு. உதாரணமாக, ஒரு ஊரில் முப்பது பைக் திருடு போயிருக்கிறது என்று வையுங்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்தத் தெரு, பூட்டை உடைத்தார்களா, கள்ளச்சாவியா என்று ஒவ்வொன்றையும் எக்செல்லில் ஏற்றினால், பாதிக்கு மேல் சந்தை நாளில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரே சந்தில் நடந்திருப்பது தெரியவரும். அந்தச் சந்தில் இரண்டு போலீஸ் நின்றால் போதும். கணக்கில் கை தேர்ந்த வணிகவியல் மாணவிக்கு இது நன்றாகவே வரும்.

ஆனால் இதைப் படித்தவர்களுக்கென்று நம் காவல்துறையில் தனித் தேர்வு கிடையாது. மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்தில் வேறு பிரிவிலிருந்து மாற்றலாகி வந்த காவலர்களே இதைப் பார்க்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் புதுக் குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன. சட்டமே மாறிவிட்டது, படித்த பிள்ளைகளுக்கு ஒரு பதவியை உருவாக்க மட்டும் ஏன் யாருக்கும் மனம் வரவில்லை?

இன்னொன்று, புரோக்கர் வாயே திறக்காத விஷயம். தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தமிழக அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2010-ல் வந்த சட்டம் அது. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குரிய தகுதிப் படிப்பு வரை எல்லாமே தமிழ்வழியாக இருக்க வேண்டும். எஸ்.ஐ.க்குத் தகுதி பட்டம். அதனால் பன்னிரண்டு வருடம் தமிழில் படித்துவிட்டு, பட்டத்தை மட்டும் பெங்களூரில் ஆங்கிலத்தில் படித்தால் அந்த முன்னுரிமை போச்சு. பட்டத்துக்கு மேல் படிப்பது எந்த மொழியில் இருந்தாலும் எஸ்.ஐ. தேர்வில் இந்த முன்னுரிமையைப் பாதிக்காது.

அதனால் என் யோசனை இதுதான். பக்கத்து அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்பில் சேருங்கள். சேரும்போதே தமிழ்வழி வகுப்புதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். அப்புறம் எம்.ஏ. குற்றவியலுக்கு சென்னைப் பல்கலைக்கழகமோ திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமோ இருக்கிறது. படிக்கும்போதே எக்செல்லையும், இலவசமாகக் கிடைக்கும் க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளையும் பழகட்டும். போலீஸ் வேலை அமையாவிட்டாலும் வங்கி மோசடித் தடுப்புப் பிரிவுகளில் இந்தக் கைப்பழக்கம் உதவும்.

கிருஷ்ணகிரி, ஓசூர் பஸ் ஸ்டாண்டுகளில் போலீஸ் தொப்பி படம் போட்ட நோட்டீஸோடு நிற்பவர்களை வருடாவருடம் பார்க்கிறேன். ஒரு பிள்ளை சேர்ந்தால் அவர்களுக்குக் கமிஷன். ஒரிஜினலை வாங்கி வைப்பது, நீங்கள் மனம் மாறிப் போய்விடாமல் இருக்கத்தான். ஒரிஜினல் சான்றிதழைக் கல்லூரியே பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2018-லேயே சொல்லிவிட்டது. இடையில் நிற்கும் ஆளுக்கு என்ன உரிமை? நாளைக் காலையிலேயே உறவினர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நேரில் போய்க் கேளுங்கள். காரணம் சொல்லி இழுத்தடித்தால், அவருடைய போன் நம்பரோடு பாலக்கோடு காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.