1944-45ல் லண்டன் மீது விழுந்த குண்டுகள்: கேள்வி பதில்

1940-41ல் ஜெர்மனி நடத்திய தொடர் விமானக் குண்டுவீச்சான பிளிட்ஸ் முடிந்ததும் லண்டன் நிம்மதியாகிவிட்டது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் 1945 மார்ச் வரை அங்கே குண்டு விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: ஜெர்மனிதான் ரஷ்யாவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறதே, 1944ல் லண்டனுக்கு அனுப்ப விமானம் ஏது சார்?

பதில்: இத்தாலி உட்படப் பல இடங்களிலிருந்தும் சுரண்டிச் சேர்த்தார்கள். 1943 ஜூலையில் ஹாம்பர்க் எரிந்தது. நவம்பரிலிருந்து பெர்லின் மேல் அடுத்தடுத்து இரவுத் தாக்குதல்கள். பதிலடி கொடுத்தே ஆகவேண்டும் என்று ஹிட்லர் பிடிவாதமாக இருந்தார். டீட்ரிக் பெல்ட்ஸ் என்ற முப்பது வயதுகூட ஆகாத தளபதியிடம் சுமார் 500 குண்டுவீச்சு விமானங்களை ஒப்படைத்தார்கள். 1944 ஜனவரி 21 இரவு 'ஷ்டைன்பாக்' நடவடிக்கை தொடங்கியது. லண்டன்வாசிகள் இதை 'பேபி பிளிட்ஸ்' என்றார்கள்.

கேள்வி: பலித்ததா?

பதில்: இல்லை. முதல் இரவில் கொண்டுபோன சுமார் 500 டன் குண்டுகளில் முப்பது டன் அளவுதான் லண்டனில் விழுந்தது. விமானிகளில் பலர் புதியவர்கள். போதாக்குறைக்கு பிரிட்டிஷ் ரேடாரும் மஸ்கிட்டோ இரவுப் போர்விமானங்களும் காத்திருந்தன. மே மாதத்துக்குள் ஜெர்மனியின் 300க்கும் மேற்பட்ட விமானங்கள் அழிந்துபோயின. அடுத்த மாதம் நார்மண்டிக் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது எதிர்க்க அந்த விமானங்கள் இல்லை. ராணுவக் கணக்கில் பார்த்தால் இதைவிட மோசமான முடிவு ஒன்றைச் சொல்வது கடினம். ஆனால் அந்த மாதங்களில் பிரிட்டனில் சுமார் 1,500 பொதுமக்கள் இறந்துபோனார்கள், அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

கேள்வி: வி-1 குண்டின் சத்தம் நின்றால்தான் பயப்பட வேண்டும் என்பார்களே, ஏன் அண்ணா?

பதில்: அது ஜெர்மனி அடுத்து ஏவிய, விமானி இல்லாத சின்ன விமானம், மூக்கில் சுமார் 850 கிலோ வெடிமருந்து. நுனியில் ஒரு குட்டிக் காற்றாடி உண்டு. அது எத்தனை சுற்று சுற்றினால் லண்டன் வரும் என்று கிளம்பும்போதே கணக்கிட்டு வைத்துவிடுவார்கள். எண்ணிக்கை முடிந்ததும் வால் பகுதி குண்டைத் தலைகுப்புறக் கவிழ்க்கும். கவிழ்ந்த வேகத்தில் எரிபொருள் வராமல் எஞ்சின் அணைந்துவிடும். சைலன்சர் இல்லாத மோட்டார் சைக்கிள்போல இரைந்துகொண்டு வருவது சட்டென்று நிற்கும், சில நொடிகளில் வெடிக்கும். சத்தம் தலைக்கு மேலே கடந்து போய்விட்டால் நமக்கில்லை, அடுத்த தெருவுக்கோ அடுத்த ஊருக்கோ. லண்டனில் முதலாவது விழுந்தது 1944 ஜூன் 13, கிழக்கு லண்டன் குரோவ் ரோட்டில். ஆறு பேர் இறந்தார்கள். ஐந்து நாள் கழித்து ஞாயிறு வழிபாட்டின்போது கார்ட்ஸ் சாப்பல் என்ற ராணுவத் தேவாலயத்தின் மேல் விழுந்ததில் 121 பேர்.

கேள்வி: அதை வானத்திலேயே தடுக்க முடியவில்லையா?

பதில்: போகப்போக நன்றாகவே தடுத்தார்கள். சில விமானிகள் சுடாமல், பக்கத்திலேயே பறந்து தங்கள் இறக்கையை அதன் இறக்கைக்குக் கீழே கொண்டுபோய் நெம்பிக் கவிழ்த்திருக்கிறார்கள். பெரிய மாற்றம் ஜூலை நடுவில் வந்தது. பீரங்கிகளைக் கூட்டமாகக் கடற்கரைக்கு நகர்த்தினார்கள். இலக்கை நெருங்கியதும் தானே வெடிக்கும் புதிய குண்டுகளும் கைக்கு வந்தன. ஆகஸ்ட் 28 அன்று வந்த 97ல் லண்டனை எட்டியவை நான்குதான்.

இன்னொரு வழியும் இருந்தது, அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஒப்புவதில்லை. ஜெர்மனி நம்பிக்கொண்டிருந்த இரட்டை உளவாளிகள் மூலம், குண்டுகள் நகரத்தைத் தாண்டி விழுவதாகப் பொய்த் தகவல் அனுப்பினார்கள். தூரத்தைக் குறைக்கவைப்பதுதான் நோக்கம். குறைந்தால் விழுவது எங்கே? குரோய்டன் போன்ற தெற்குப் பகுதிகளில். அங்கே இருந்தவர்களும் மனிதர்கள்தானே என்று அமைச்சரவையிலேயே உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன் எதிர்ப்புத் தெரிவித்தார். நெரிசலான நடு லண்டனைவிட அங்கே சாவு குறையும் என்ற வாதம் கணக்குப்படி சரிதான். குரோய்டனில் வீடு இழந்தவரிடம் அதைச் சொல்லிப் பார்க்க முடியுமா?

கேள்வி: வி-2வுக்கு அபாயச் சங்கு ஊதினார்களா?

பதில்: ஊதிப் பயனில்லை. ஒலியைவிட வேகமாக வரும் ராக்கெட், வெடித்த பிறகுதான் அது வந்த சத்தமே கேட்கும். செப்டம்பர் 8 அன்று சிஸ்விக்கில் முதலாவது விழுந்தது. எரிவாயுக் குழாய் வெடித்ததாகப் பேச்சு பரவியது. அரசும் வாய் திறக்கவில்லை. நவம்பர் 10 அன்றுதான் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதே மாதம் 25ஆம் தேதி, சனிக்கிழமை மதியம், நியூ கிராஸில் கூட்டம் நிறைந்த உல்வொர்த் கடை மேல் ஒன்று விழுந்து 168 பேர் இறந்தார்கள்.

கேள்வி: வி-2 தொழில்நுட்ப அதிசயம் இல்லையா சார்? நிலவுக்குப் போன ராக்கெட்டுக்கே அதுதானே முன்னோடி?

பதில்: ஆமாம், முன்னோடிதான். ஆனால் அதை மலைக்குள் குடைந்த சுரங்கத் தொழிற்சாலையில் பாகம் சேர்த்து உருவாக்கியவர்கள் டோரா என்ற நாஜி வதைமுகாமின் கைதிகள். அந்த முகாமில் சுமார் 20,000 பேர் பசியிலும் அடியிலும் நோயிலும் தூக்கிலும் மாண்டார்கள். பிரிட்டனில் வி-2 கொன்றது 2,700 பேருக்குச் சற்று மேல். விழுந்து கொன்றதைவிடச் செய்யும்போது அதிகம் கொன்ற ஆயுதம் அது. வி-2வை வடிவமைத்த வெர்னர் ஃபான் பிரவுனைப் புகழ்ந்து எழுதும்போது டோராவையும் எழுதுங்கள் தம்பி.

கேள்வி: கடைசித் தாக்குதல் எது?

பதில்: விமானி ஓட்டிவந்த விமானங்களின் கடைசிப் பெரிய தாக்குதல் 1945 மார்ச் 3 இரவு நடந்தது. வீடு திரும்பும் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களைப் பின்தொடர்ந்து வந்து அவற்றின் தளங்களிலேயே அடித்தார்கள். வி-2 கடைசியாக மார்ச் 27. அன்று காலை ஸ்டெப்னியில் ஹியூஸ் மேன்ஷன்ஸ் குடியிருப்பில் 134 பேர், மாலையில் ஆர்பிங்டனில் ஒரு பெண் இறந்தார்கள். வி-1 மட்டும் இன்னும் இரண்டு நாள், மார்ச் 29 வரை வந்தது. ஜெர்மனி சரணடைய அப்போது ஆறு வாரம்கூட இல்லை.