பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறதே!

கேள்வி: வீட்டு வாசலிலேயே காருக்கு பிரேக் ஆயில் மாற்றினேன். அப்புறம் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது, இரண்டு மூன்று தடவை மிதித்தால்தான் பிடிக்கிறது. என்ன செய்வது?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: முதலில் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அந்தப் பெடலை நம்பிப் போகவே கூடாது. மிதிக்க மிதிக்க இறுகுகிறது என்றால் பெரும்பாலும் லைனில், அதாவது பிரேக் ஆயில் போகும் குழாயில், காற்று புகுந்திருக்கும். ஆயில் சுருங்காது, காற்று சுருங்கும், அதனால்தான் நீங்கள் கொடுக்கும் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஆயில் டப்பாவில் மட்டம் ரொம்ப இறங்கியிருக்கலாம், இல்லை நிப்பிளை (சக்கரத்தருகே காற்றை வெளியே விடும் சின்னத் திருகு) மூடுவதற்குள் பெடலில் இருந்தவர் காலை எடுத்திருப்பார்.

மறுபடி ஏர் எடுங்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, நீங்கள் நிப்பிளைத் திறந்து குமிழியை வெளியே விட்டு, இறுக்கி மூடிய பிறகே அவர் காலை எடுக்க வேண்டும், குமிழி நிற்கும்வரை இதேதான், நடுநடுவே டப்பாவில் ஆயில் ஊற்றிக்கொண்டே இருங்கள். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். டப்பா மூடியில் டாட் 4 (பிரேக் ஆயிலின் தரக் குறியீடு) என்றிருந்தால் அதையே வாங்குங்கள், டாட் 5 வேறு வகை, சிலிகான், கலக்கவே கூடாது. திறந்து வைத்த பழைய பாட்டிலும் வேண்டாம், ஈரத்தை உறிஞ்சியிருக்கும்.

இதற்குப் பிறகும் பஞ்சாகவே இருந்தால் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) யூனிட்டுக்குள் காற்று நின்றிருக்கலாம், ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கால்தான் முடியும். மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல இறங்கினால் எங்காவது கசிவு, அல்லது பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் போயிருக்கிறது. ஓட்டிப் போகாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிடுங்கள்.