மாடலும் நடிகையுமான இமான் கென்யாவில் பிறந்தவரா? அவர் எப்படிப் புகழ்பெற்றார்?

இல்லை. இமான் 1955-இல் சோமாலியாவின் மொகதிஷுவில் பிறந்தவர். அவருடைய வாழ்க்கையின் திருப்புமுனை கென்யாவில் நிகழ்ந்ததால்தான் இந்தக் குழப்பம் ஏற்படுகிறது. நைரோபி பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படித்துக்கொண்டிருந்த அவரை 1975-இல் தெருவில் கண்ட ஒளிப்படக் கலைஞர் பீட்டர் பியர்ட், படம் எடுக்க அனுமதி கேட்டார். அதற்குத் தம் கல்விக் கட்டணத்தைத் தர வேண்டும் என்று இமான் நிபந்தனை விதித்தார். பின்னர் அமெரிக்கப் பத்திரிகைகளிடம் அவரை ஆடு மேய்த்த பெண்ணாகப் பியர்ட் அறிமுகப்படுத்தினார். தந்தை தூதர், தாய் மகளிர் நல மருத்துவர், தாமோ பல மொழிகள் அறிந்தவர் என்ற உண்மையை மறைத்த அந்தக் கட்டுக்கதை, என் பார்வையில், அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியே.

நியூயார்க்கில் நடந்த தொடக்ககாலப் படப்பிடிப்பு ஒன்றில், அவருடைய நிறத்துக்கேற்ற ஃபவுண்டேஷனைச் சொந்தமாகக் கொண்டுவந்திருக்கிறாரா என்று ஒப்பனைக் கலைஞர் கேட்டதாக இமான் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அதன்பின் பல நிறங்களைத் தாமே கலந்து, தம் தோலுக்குப் பொருந்தும் பூச்சைத் தயாரித்துக்கொண்டார். கருநிறப் பெண்களுக்காக 1994-இல் அவர் தொடங்கிய அழகுசாதன நிறுவனத்துக்கு வித்திட்டது அந்த அனுபவமே.

திரைப்படங்களில் அவர் பெரும்பாலும் துணை வேடங்களிலேயே நடித்தார். அவற்றுள் 1985-இல் வெளியான ‘அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா’ கென்யாவிலேயே படமாக்கப்பட்டது.