தனியா படிச்சாத்தான் மண்டையில ஏறுமா?

அக்கா,
எனக்க மவ இஞ்சினியரிங் முதல் வருசம், ஹாஸ்டல்ல இருக்கா. ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், நல்ல மார்க். இப்ப மேக்ஸ்ல அரியர், படிப்ப விட்டுட்டு வாறேன்னு அழுவுறா. கூட்டுக்காரிங்க கம்பைன் ஸ்டடிக்கு கூப்பிடுதாளுவ, அரட்டையா போயிரும்னு நாங்கதான் வேண்டாம்னுட்டோம். அவ அப்பா ரப்பர் பால் வெட்டித்தான் ஃபீஸ் கெட்டுதாரு. என்ன செய்யட்டு?
- ஒரு அம்மா, குலசேகரம்

தங்கச்சி,
இன்னைக்கே ஃபோன் போட்டு, போய் சேந்து படி மக்களேன்னு சொல்லிருங்க. ப்ளஸ் டூல நல்லா படிச்ச பிள்ளைக்கு ஆறு மாசத்துல புத்தி குறைஞ்சிராது.

1970கள்ல அமெரிக்காவுல, பெர்க்லி யுனிவர்சிட்டில யூரி ட்ரைஸ்மன்னு ஒருத்தர், கறுப்பினப் பிள்ளைங்க கால்குலஸ்ங்கிற கணக்குப் பாடத்துல ஏன் இவ்வளவு பேரு தோக்குதாங்கன்னு ஆராய்ஞ்சாரு. ஆர்வம் கிடையாது, வீட்ல சப்போர்ட் கிடையாதுன்னுதான் அங்க உள்ள வாத்தியாருங்க நெனச்சாங்க, ஆனா இவரு பிள்ளைங்க கூடவே இருந்து பாத்தா அவங்க நல்லாத்தான் உழைக்காங்க, என்ன, பெரும்பாலும் தனியா உழைக்காங்க. சீன வம்சாவளிப் பிள்ளைங்க முதல்ல தனியா போட்டுப் பாத்துட்டு பிறகு ஒண்ணா உக்காந்து ஒருத்தர் கணக்க ஒருத்தர் திருத்துதாங்க. நாலு பேருக்கும் வரலன்னா கணக்குதான் கஷ்டம்னு தெரிஞ்சிரும், தனியா இருக்க பிள்ளை எனக்கு மட்டும் வரலியேன்னு குமையும். உங்க மவ அழுவுறதும் அதுக்குத்தான்னு எனக்கு தோணுது. ட்ரைஸ்மன் தனியா உழைச்ச அந்தப் பிள்ளைங்கள குரூப்பா உக்கார வெச்சு, லேசான கணக்கு இல்ல, கூடுதல் கஷ்டமானத குடுத்தாரு, மார்க்கும் ஏறுச்சு, பாதில நிக்கதும் குறைஞ்சுது.

அரட்டை பயம் நியாயந்தான். அதனால நாலு பேருக்கு மேல வேண்டாம், பழைய கொஸ்டின் பேப்பர ஆளாளுக்கு போட்டுப் பாத்துட்டுத்தான் வரணும், வந்தா புக்க மூடி வெச்சிட்டு ஒருத்தி தமிழ்லயே விளக்கணும், மத்தவங்க ஏன் ஏன்னு கேக்கணும். நல்லா படிக்க ஒருத்திய டீச்சராக்கிட்டு மத்தவங்க பாத்து எழுதுறதுக்கு பேரு கம்பைன் ஸ்டடி இல்ல, அத பாத்தா எனக்கு கோவமே வரும். புக்க மூடிட்டு சொல்லிப் பாக்கதுல அவ்வளவு விசயம் இருக்கு. ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு மனோதத்துவ ஆய்வாளருங்க 2006ல காட்டினது: திரும்பத் திரும்ப வாசிச்சவங்களுக்கு அஞ்சு நிமிசத்துல கேட்டா நல்லா ஞாபகம் இருந்துது, ஒரு வாரம் கழிச்சு கேட்டா 40 சதவீதந்தான், ஒரு தடவ படிச்சிட்டு மூணு தடவ பாக்காம எழுதிப் பாத்தவங்களுக்கு 61 சதவீதம்.

எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி கூடி பிரயோஜனமில்ல, வாரத்துல ரெண்டு சாயங்காலம் இப்பவே தொடங்கட்டு. சார்ட்ட கேக்க கூச்சப்படுத சந்தேகத்த கூட்டுக்காரிட்ட கேட்டுருவா. இத அவ அப்பாட்டயும் வாசிச்சுக் காட்டுங்க.